163 புள்ளி வாங்கிய பட்டா

2021 ஜூலை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு, இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு சி.ஆர். கொப்பியை விரித்து, அடிமட்டத்தால் கட்டம் போட்டு, என் அடுத்த பத்து வருடத்துக்குப் புள்ளி போட்டேன். டிமோ பட்டா என்ற செகண்ட் ஹேண்ட் சின்ன லொறிக்கு 163. மச்சான் கூப்பிட்ட கட்டாருக்கு 113. ஹட்டனில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த ஹார்ட்வெயார் கடைக்கு 111. ஐம்பது புள்ளி வித்தியாசம், இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று கொப்பியை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால் வண்டியும் இல்லை, அப்பாவின் ஈ.பி.எஃப். காசும் இல்லை. எல்லாம் கழித்துக் கூட்டிப் பார்த்ததில் 7,52,730 ரூபாய் போயிருந்தது. கொப்பி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. புள்ளி போட்டு முடிவெடுக்கும் முறையைப் பற்றி ஒருவராவது எனக்கு முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கட்டம் போடும் வித்தையை நான் கற்றது ஒரு ஒருநாள் செயலமர்வில். 3,500 ரூபாய், பகல் சோற்றுப் பார்சலும் சேர்த்து. வந்து நடத்தியவர் நல்ல மனுஷன், பேச்சும் நன்றாக இருந்தது. உங்கள் முன்னால் இருக்கும் தெரிவுகளை மேலே குறுக்காக எழுதுங்கள், உங்களுக்கு முக்கியமானவற்றைப் பக்கத்தில் கீழாக எழுதுங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எடை கொடுங்கள், பிறகு ஒவ்வொரு தெரிவுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு எடையால் பெருக்கிக் கூட்டுங்கள் என்றார். நாற்பது நிமிடத்தில் அந்தப் பகுதி முடிந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. எங்கள் தாத்தா காலத்தில் இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்பதுகூடக் காலைப் பிரட்டில், அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அப்படி வந்த குடும்பத்தில் ஒருவன் மேசையில் உட்கார்ந்து, இதுவா அதுவா என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கிறான் என்றால் அதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது. அந்தப் பெருமைக்கும் சேர்த்துத்தான் காசு கட்டினேன் போல.

என் கட்டத்தில் ஐந்து வரிகள். வருமானம், எடை 5. குடும்பத்தோடு இருப்பது, 5. பாதுகாப்பு, 3. வளர்ச்சி, 4. மரியாதை, 3. பட்டாவுக்கு வருமானத்தில் 8 போட்டேன். மரக்கறி ஏற்றும் ஒரு நண்பன் "ஒரு ட்ரிப்புக்கு ஒன்பதாயிரம் நிக்கும்டா" என்று சொன்னதை மாதத்துக்கு 22 நாளால் பெருக்கி வந்த 1,98,000 ரூபாய் கண்ணில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது என் கடைச் சம்பளம் 35,000. டீசல், டயர், லீசிங், வண்டி சும்மா நிற்கும் நாட்கள், இதெல்லாம் அந்த 8-க்குள் எங்கே போயின என்று கேட்காதீர்கள்.

வண்டி விலை பதினாலரை இலட்சம். இறக்குமதி நின்றுபோயிருந்த காலம் என்பதால் பழைய வண்டிக்கும் கிராக்கி. முற்பணம் ஆறு இலட்சத்தில் அப்பாவின் ஈ.பி.எஃப்., சர்விஸ் காசு 3,80,000. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 1,40,000. சீட்டெடுத்தது 80,000. மீதி எட்டரை இலட்சத்துக்கு நாலு வருட லீசிங், மாதம் 24,970. கையெழுத்துப் போடும் முன் அம்மா மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தா. சிவப்பு வந்தால் வாங்கு, வெள்ளை வந்தால் விடு. பக்கத்து லயத்துச் சின்னப் பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளை அரளி இருந்தது. "வேணாம்டா, ஆத்தா சொல்லிட்டா" என்றா அம்மா. நான் சிரித்துக்கொண்டே கொப்பியைக் காட்டினேன். அம்மாவுக்கு 163 என்று எழுதியிருப்பது தெரியும், அது எப்படி வந்தது என்று தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது என்பது பிறகுதான் விளங்கியது.

முதல் இரண்டு மாதம் ஓட்டம் நன்றாகவே இருந்தது. ஆகஸ்ட் 20-ஆம் திகதி கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டினார்கள், ஆனால் மரக்கறி வண்டி ஓடலாம். நுவரெலியாவில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றி, றம்பொடை, புசல்லாவை, கம்பளை, கண்டி, மாத்தளை என்று இரவோடு இரவாகத் தம்புள்ளைக்கு இறங்குவேன். விடியற்காலையில் இறக்கிவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கும்போது நான் எடுத்த முடிவை நானே மெச்சிக்கொள்வேன். பிறகு மூட்டைகள் குறைய ஆரம்பித்தன. இரசாயன உரத்துக்குத் தடை வந்தது அந்த வருடம் மே மாதத்தில். நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள், ஆனாலும் தோட்டங்களில் விளைச்சல் விழுந்து முடிந்திருந்தது. கரட் இருந்தால் விலை இருக்கும், மூட்டை இருக்காது. எனக்குக் காசு மூட்டைக்கணக்கில்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தடை மே மாதம், நான் வண்டி எடுத்தது ஓகஸ்டில். உரம் இல்லாமல் விவசாயிகள் ரோட்டில் இறங்கியதை நான் டிவியில் பார்த்தேன், நுவரெலியா ரோட்டிலும் பார்த்தேன். என் கொப்பியில் அதற்கு ஒரு வரி இல்லை.

2022-ஐப் பற்றி, நாடே பொருளாதாரத்தில் கவிழ்ந்த அந்த வருடத்தைப் பற்றி, நம் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 121 ரூபாய்க்கு அடித்த டீசல் மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதம் 400, ஜூன் கடைசியில் 460. விலையைக்கூடச் சமாளித்திருக்கலாம், டீசலே இல்லையே. ஜூன் மாதம் ஒரு டீசல் ஷெட் வரிசையில் மூன்று இரவு வண்டிக்குள் கிடந்தேன். கையில் நீல மார்க்கரால் 87 என்று எழுதிவிட்டார்கள். தென்மேல் பருவ மழை, கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் சொட்டி இடது தொடை எப்போதும் ஈரம். மனைவி பஸ்ஸில் தெரிந்தவர் கையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தனுப்புவாள். மூன்றாம் நாள் பவுசர் வந்து 61-வது ஆளோடு டீசல் முடிந்தது. அன்றைக்கு நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. மே வரை ஒன்பது தவணை கட்டியிருந்தேன், ஜூனிலிருந்து நின்றது. அதன்பிறகு வந்த போன்கள், வீட்டுக்கு வந்து நின்ற ஆட்கள், அப்பா அவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டது, இதையெல்லாம் விரிக்கப் போவதில்லை. அக்டோபரில் நானே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் விற்று, பாக்கியும் வட்டியும் செலவும் கழித்துக் கையில் தந்தது 1,40,000. கணக்கு இதுதான்: முற்பணம் ஆறு இலட்சம், தவணைகள் 2,24,730, மாற்றிய டயர் நான்கு 68,000, அதில் திரும்பி வந்ததைக் கழித்தால் நான் மேலே சொன்ன தொகை. சீட்டு நடத்தும் அக்காவின் கண்ணில் படாமல் இருக்க ஆறு மாதம் ஸ்டேஷன் பின்பக்கத்து வழியால் நடந்தேன்.

எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நாடே கவிழ்ந்தது, நீ என்ன செய்ய முடியும் என்று. அந்த ஆறுதலில்தான் எனக்குச் சிக்கல். நாடு கவிழாமல் இருந்திருந்தால் என் முடிவு சரியான முடிவா? நல்ல முறையில் எடுத்த முடிவும் காலக்கேட்டால் நாசமாகலாம், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவும் அதிர்ஷ்டத்தால் விளையலாம். விளைவை மட்டும் பார்த்தால் கட்டம் போட்டது உதவியதா கெடுத்ததா என்று எப்படிச் சொல்வது? இது என்னைப் பிடித்துக்கொண்டது. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவனுக்கு நேரமும் இருந்தது.

ஒருநாள் கொப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரியாதைக்கு எடை 3 என்று இருந்த இடத்தில் அடியில் 1 தெரிந்தது, அதன்மேல் வேறு பேனையால் 3 ஆக்கியிருக்கிறேன். கட்டாருக்குக் குடும்ப வரியில் 4 போட்டு, வெட்டி, 1 ஆக்கியிருக்கிறேன். யார் என்னை மாற்றச் சொன்னது? கட்டாரைத் தள்ளிவிட வேண்டும் என்று மனம் முன்பே முடிவு கட்டிவிட்டது, கை அதற்கு வேலை செய்திருக்கிறது. சரி, வெட்டாத பழைய எண்களையே வைத்துக் கூட்டிப் பார்ப்போம் என்று பார்த்தேன். பட்டா 145, கட்டார் 114, கடை 101. அப்போதும் பட்டாதான். அடுத்து வருமானத்தைக் கைக்கு வருவதை வைத்துத் திருத்தினேன். நல்ல மாதங்களிலும் செலவும் தவணையும் போக எனக்கு நின்றது 38,000 அளவில்தான், அதாவது கடைச் சம்பளத்தோடு கிட்டத்தட்டச் சமம். அப்படியென்றால் 8 எங்கே, 4 தான். பட்டா 125-க்கு இறங்கியது, இன்னும் முதலிடம். கடைசியில் ஒரு புதிய வரி சேர்த்தேன்: ஏதோ ஒரு காரணத்தால் ஆறு மாதம் வருமானம் நின்றால் தாங்க முடியுமா? எடை 5. கடைக்கு 8, கட்டாருக்கு 6, பட்டாவுக்குப் பூச்சியம். கட்டார் 144, கடை 141, பட்டா 125. ஒரே வரியில் முதலாவது ஆள் கடைசி ஆள். டீசல் தட்டுப்பாட்டை முன்கூட்டியே அறியும் ஞானம் இதற்குத் தேவையில்லை. மண்சரிந்து ரோடு அடைபட்டாலும், எனக்குக் கால் முறிந்தாலும் இதே பூச்சியம்தான்.

அப்போதுதான் இதைப்பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி முடிவெடுக்கும் பழக்கத்துக்குப் பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது. 1772-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதம். பிரீஸ்ட்லிக்கு ஒரு பிரபு வேலை கொடுக்கக் கூப்பிட்டிருந்தார், போவதா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பம். பிராங்க்ளின் என்ன முடிவெடுப்பது என்று சொல்லவில்லை, எப்படி எடுப்பது என்று சொன்னார். தாளின் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம், மூன்று நாலு நாள் யோசித்து நினைவுக்கு வருவதை எழுதிக்கொண்டே போ, பிறகு எடையில் சமமானவற்றை இருபக்கமும் அடித்துக்கொண்டே வா, மிஞ்சுவதைப் பார், அப்புறமும் ஒன்றிரண்டு நாள் பொறு. நான் செய்தது இதையேதான், ஆனால் அந்த மூன்று நாலு நாளை எங்கள் செயலமர்வு நாற்பது நிமிடமாக்கியிருந்தது, நான் அதை வீட்டில் அரைமணி நேரமாக்கினேன். சார்லஸ் டார்வின் 1838-இல் கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று இதே மாதிரிப் பட்டியல் போட்டிருக்கிறார், அடுத்த ஜனவரியில் கல்யாணமும் முடித்தார். பட்டியல் அவரைக் கட்டிவைத்ததா, ஆசை பட்டியலைக் கட்டியதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. என் கொப்பியைப் பார்த்த கண் அல்லவா.

என்னை உலுக்கியது இன்னொன்று. 1993-இல் திமோத்தி வில்சன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை. மாணவர்களுக்குச் சில சுவர்ப் படங்களைக் காட்டி, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். பாதிப்பேர் முதலில் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். சில வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதியவர்கள்தான் தாங்கள் எடுத்த படத்தில் குறைந்த திருப்தியோடு இருந்தார்கள். வார்த்தையில் எழுத வசதியான காரணங்கள் முன்னுக்கு வந்துவிடுகின்றன, எழுத வராதவை பின்னுக்குப் போகின்றன என்பது அவர்கள் சொன்ன விளக்கம். "சொந்தத் தொழில்", "மரியாதை", "வளர்ச்சி" இதெல்லாம் எழுத எவ்வளவு சுகமாக வருகிறது பாருங்கள். றம்பொடை வளைவில் பனிமூட்டத்துக்குள் இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும்போது வயிற்றில் வரும் அந்தப் பயத்தை எந்த வரியில் எழுதுவது?

அதற்காகக் கட்டம் போடுவதே பொய் என்று சொல்லவும் முடியாது. நோயாளிகள் சிகிச்சையைத் தெரிவு செய்ய உதவும் இப்படியான தாள்களை, காணொளிகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் கொக்ரேன் அமைப்பு 2017-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது, 105 ஆய்வுகள், 31,000-க்கும் மேற்பட்டவர்கள். அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது, எதில் எவ்வளவு ஆபத்து என்ற மதிப்பு உண்மைக்குக் கிட்ட இருந்தது, முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் குறைவு. ஆனால் பிறகு வருந்துவதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது நேர்மையான பதிலாகப் பட்டது.

2023 தொடக்கத்தில், திரும்பி வந்த காசோடு தம்பியிடமும் கொஞ்சம் வாங்கி, டவுனில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் திறந்தேன். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் சைஸ் படம், விண்ணப்பம் நிரப்புவது. அங்கே வருகிற பாதிப்பேர் ஏதோ ஒரு முடிவின் வாசலில் நிற்பவர்கள்தான். கல்வியியல் கல்லூரிக்குப் போவதா, கொழும்பில் கார்மெண்ட்ஸா. சவூதியா, ஊரா. எனக்குள் இருந்த கேள்விக்கு இவர்களை வைத்தே பதில் தேடலாம் என்று தோன்றியது. சம்மதித்தவர்களுக்கு ஒரு காசைச் சுண்டுவேன். தலை விழுந்தால் கட்டம், பூ விழுந்தால் பிளேன்டீயும் பேச்சும் மட்டும். ஒன்றரை வருடத்தில் 22 பேர், கட்டத்துக்கு 12, பேச்சுக்கு 10. ஆறு மாதம் கழித்துத் தேடிப் பிடிக்க முடிந்தது 17 பேரை. முடிவை நினைத்து வருந்துகிறீர்களா என்று கேட்டதற்கு ஆம் என்றவர்கள் கட்டம் போட்ட 9 பேரில் மூன்று, பேசிவிட்டுப் போன 8 பேரில் மூன்று. ஒன்றும் வித்தியாசமில்லை. இதை ஆய்வு என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டது நானே. முகத்துக்கு நேரே கேட்டால் "நல்லா இருக்கேன் அண்ணே" என்று சொல்வதுதான் நம் ஆட்களின் வழக்கம்.

ஆனால் வேறொரு இடத்தில் வித்தியாசம் தெரிந்தது. முடிவெடுக்கும் முன் எங்காவது போன் பண்ணியோ நேரில் போயோ புதிதாக ஒன்றை விசாரித்தவர்கள் கட்டக்காரர்களில் 7 பேர், பேச்சுக்காரர்களில் 2 பேர். காரணம் எளிது. பேச்சில் தெரியாததைத் தாண்டிப் போய்விடலாம். கட்டத்தில் தாண்ட முடியாது, பெட்டி வெறுமையாக முழித்துக்கொண்டு நிற்கும். ஒரு தங்கச்சி கார்மெண்ட்ஸ் வருமானப் பெட்டியில் பேனையை வைத்தபடி யோசித்துவிட்டு, "அண்ணே, போர்டிங்குக்கு எவ்வளவு வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றாள். அங்கேயே அக்காக்காரிக்கு போன் எடுத்தாள். அந்தக் கட்டத்தில் கடைசியில் எத்தனை கூட்டி வந்தது என்று அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. நான் 2021-இல் அந்த மாதிரி வெறுமையான பெட்டியையெல்லாம் ஆசையால் நிரப்பினேன், அவள் போன் போட்டு நிரப்பினாள்.

இன்னொன்றும் பார்த்தேன். ஏழு பேர் ஒரு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் இரண்டாம் முறை நிரப்பினார்கள். மூன்று பேருக்கு முதலிடம் மாறிவிட்டது. அதே ஆள், அதே வேலைகள், இடையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் முதல் தடவை சம்பளம் வந்த கிழமை நிரப்பினார், இரண்டாவது தடவை மாதக் கடைசி.

எழுத வாசிக்கச் சிரமமான ஒரு அக்கா, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதா என்று கேட்டு வந்தார். காசு தலை விழுந்தது. எண் போடச் சொன்னால் அவர் என்னைத்தான் பார்ப்பார். அதனால் கடை மேசையில் நாலு சோசரை வைத்து, ஒவ்வொன்றும் என்ன என்று சொல்லி, கையில் இருபது போஞ்சி விதை கொடுத்தேன். கடன், வீட்டுக் கூரை, சின்ன மகள், தன் முதுகுவலி. விதையைப் போட்டார், எடுத்தார், மாற்றினார். மகளின் சோசரில் ஒன்பது விதை சேர்ந்துவிட்டது. கூரைக்கு இரண்டுதான் என்று பார்த்து மகளின் சோசரிலிருந்து எடுக்கப் போனவர் கையை அப்படியே நிறுத்தினார். "தம்பி, இதுலேர்ந்து எடுக்க கை வரமாட்டேங்குது." போகவில்லை. அழகான கதை என்று இங்கே நிறுத்தலாம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து வருந்துகிறேன் என்று சொன்ன மூவரில் அவரும் ஒருவர். கூரை இன்னும் ஒழுகுகிறது.

இப்போது யாராவது பெரிய காசு போடும் முடிவோடு வந்தால் நான் சொல்வது இதுதான். புள்ளி போட முன்னால் ஒரே ஒரு கேள்வி: இது ஆறு மாதம் நின்றுபோனால் அடுப்பு எரியுமா, தவணை கட்டுப்படுமா? இல்லையென்றால் அந்தத் தெரிவு கட்டத்துக்குள்ளேயே வரக்கூடாது, மற்ற வரிகளில் எத்தனை பத்து வாங்கினாலும் சரி. வருமானம் என்றால் கைக்கு வருவது, ஏற்கனவே அந்தத் தொழில் செய்பவரில் ஒருவரை அல்ல மூவரைக் கேட்டு, அதில் ஒருவராவது விட்டுவிட்டு வந்தவராக இருக்க வேண்டும். எடைகளோடு மல்லுக்கட்டாதீர்கள். எல்லாவற்றுக்கும் சம எடை போட்டாலும் கணிப்பு பெரிதாகக் கெடுவதில்லை, எவற்றைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று ராபின் டோஸ் என்ற உளவியலாளர் 1979-இலேயே எழுதியிருக்கிறார். திருத்திய என் கட்டத்தைச் சம எடையில் கூட்டினால் கட்டார் 38, மற்ற இரண்டும் 36, 36. "எனக்கும் தெரியவில்லையப்பா" என்று கட்டம் சொல்கிற மாதிரி, அந்தப் பதிலை அன்றைக்குக் கேட்டிருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது தள்ளிப் போட்டிருப்பேன். அதேபோல ஒரே ஆசையை மூன்று பெயரில் எழுதுகிறோமா என்று பாருங்கள். என் வருமானம், வளர்ச்சி, மரியாதை மூன்றும் முதலாளி என்று கூப்பிடப்பட வேண்டும் என்ற ஒரே ஆசைதான், அது மூன்று வரியில் உட்கார்ந்து 200-இல் 120 புள்ளிக்குச் சொந்தம் கொண்டாடியது.

தோல்விக் கதையையும் முன்கூட்டி எழுதுங்கள். ஒரு வருடம் கழிந்துவிட்டது, எல்லாம் கெட்டுப்போய்விட்டது, ஏன் என்று கேட்டு எழுதிப் பார்ப்பது. கேரி கிளைன் என்பவர் இதைக் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், லொறி வாங்குபவனுக்கும் பொருந்தும். நான் எழுதியிருந்தால் இரண்டாவது வரியில் உரத்தடை வந்திருக்கும். அப்புறம் நிறுத்தும் கோடு. எத்தனை மாதம் எவ்வளவுக்குக் கீழே போனால் விற்றுவிடுவேன் என்று திகதியோடு எழுதி, வீட்டில் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். 2022 பெப்ரவரியில் பழைய வண்டி விலை நன்றாக இருந்தது. அப்போது நானாக விற்று லீசிங்கை முடித்திருந்தால் பாதிக்கு மேல் தப்பியிருக்கும். போட்ட காசு, போட்ட காசு என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழப்பமென்றால் காசைச் சுண்டிப் போட்டு மாற்றத்தின் பக்கம் போய்விடு என்று ஒரு நண்பன் அடிக்கடி சொல்வான். ஸ்டீவன் லெவிட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் உண்மையிலேயே அப்படி ஒன்று செய்தார், ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் காசு சுண்டினார்கள், ஆறு மாதம் கழித்து மாற்றத்தைத் தெரிவு செய்தவர்கள் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மாதம் 24,970 கட்டும் முடிவை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை. காசைவிட அம்மாவின் பூப்பொட்டலத்துக்கு இப்போது கொஞ்சம் மதிப்புக் கொடுக்கிறேன். ஆத்தா எனக்கு டீசல் விலை சொன்னா என்று நான் நம்பவில்லை. அந்தப் பொட்டலத்துக்கு என் ஆசை என்ன என்று தெரியாது, அதனால் அதற்கு வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்தது. என் கொப்பிக்கு அந்த வாய் இருக்கவில்லை, நான் பேனையைப் பிடித்திருந்தேன்.

இப்போது கடைக்கு ஒரு பழைய கலர் கொப்பி மெஷின் பேசிக்கொண்டிருக்கிறேன், 4,75,000. பெயர்களை மறைத்து அ, ஆ என்று எழுதிக் கட்டத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவளிடம் போகும் முன் மெஷினுக்கு நான் போட்டிருந்தது 41. அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பது வேறு கதை, ஆனாலும் 29 தான் போட்டாள், பக்கத்தில் "டோனர் என்ன விலை?" என்று பென்சிலால் எழுதி. டோனர் விலையை நான் கேட்டே இருக்கவில்லை. மெஷின்காரர் நேற்றும் போன் எடுத்தார். வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன். இரண்டாவது தாளைப் புதன் இரவுதான் நிரப்புவேன், முதல் தாள் மனைவியின் அலுமாரியில் இருக்கிறது, சாவி அவளிடம்.